புதுச்சேரி வெயிலில் கிராஃப்ட் பீர்: ருசி பார்ப்பதும் பரிந்துரைப்பதும்

“நல்ல கிராஃப்ட் பீர் ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டால் பதிலுக்கு ஒரு பெயர்தான் வரும். (கிராஃப்ட் பீர் என்றால் சின்ன ஆலைகள் தனி ருசியோடு காய்ச்சும் பீர்.) புதுச்சேரியில் வெறும் பெயரை நம்பிக் காசு கொடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஒரே நாளில் ஒரே டாங்கிலிருந்து அடைத்த இரண்டு கேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று குளிர்வண்டியில் வந்து நேராகக் கடை ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்கும். இன்னொன்று தார்ப்பாய் போர்த்திய லாரியில் வந்து, தகரக் கூரை குடோனில் இரண்டு வாரம் வெந்து, கடை வாசலில் அட்டைப்பெட்டியோடு நின்று, நீங்கள் வருவதற்கு அரை மணி முன்னால்தான் ஃப்ரிட்ஜைப் பார்த்திருக்கும். லேபிளும் விலையும் ஒன்று, உள்ளே இருக்கும் பீர் வேறு. அதனால் இந்த ஊரில் ஒரு பீரைப் பரிந்துரைப்பவர் பெயருக்கு முன்னால் தயாரித்த தேதியையும், அது எங்கே கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பீர் தொழிலில் 3-30-300 என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 32 டிகிரி செல்சியஸில் 3 நாள் கிடந்த பீர், 22 டிகிரியில் 30 நாள் கிடந்த பீர், 3 டிகிரியில் 300 நாள் இருந்த பீர் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பழசாகியிருக்கும். துல்லியமான சூத்திரம் இல்லை, கைக்கணக்குதான். ஆனால் மே மாதத்தில் பகல் 37 டிகிரியைத் தொடும் ஊரில் இந்தக் கணக்கை மறந்துவிட்டு பீர் வாங்குவது வீண். “பாஸ்சரைஸ் பண்ணினதுதானே, கெடாது” என்பார்கள். 60 டிகிரிச் சூடு கிருமியைக் கொல்லும். அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஆக்சிஜனை அது ஒன்றும் செய்யாது. பழசாக்குவது அந்த ஆக்சிஜனும் சூடும் சேர்ந்துதான். கிராஃப்ட் கேன்களில் பல வடிகட்டாதவை, பாஸ்சரைஸ் செய்யாதவை. அவற்றுக்குச் சூடு இன்னும் ஆகாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவியிருக்கிறது. குளிர்ந்த பீர் ஒருமுறை சூடாகி மறுபடி குளிர்ந்தால் கெட்டுப்போகும் என்பார்கள். ஏறி இறங்குவதால் கெடுவதில்லை. சூட்டில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதுதான் கணக்கு. கடையிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிடம் பையில் வந்ததால் ஒன்றும் ஆகாது. கார் டிக்கியில் மத்தியானம் முழுக்கக் கிடந்தால் ஆகும்.

வாங்கும்போது

முதலில் தயாரித்த தேதி. கேனில் அடிப்பக்கம், பாட்டிலில் லேபிள் ஓரம் அல்லது கழுத்து. எத்தனை மாதத்துக்குள் குடிக்கலாம் என்று அச்சிட்டிருப்பது விற்பதற்கான எல்லை, ருசிக்கான எல்லை இல்லை. ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), பேல் ஏல் போல ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) வாசனையை நம்பி நிற்கும் பீர் என்றால், குளிரிலேயே இருந்திருந்தாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தொட வேண்டாம். முதலில் பறந்துபோவது ஹாப்ஸ் வாசனை. அப்புறம் ஒரு சப்பையான தேன் இனிப்பு முன்னால் வந்து நிற்கும், கடைசியில் நனைந்த அட்டை வாடை. கலங்கலான நியூ இங்கிலாந்து ஐபிஏ என்றால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். மாம்பழச் சாறு மஞ்சள் போய் அழுக்குப் பழுப்பாகிவிடும். கோதுமை பீர், லாகர் (குளிரில் நொதிக்கவைக்கும் வகை, பார்களில் வழக்கமாகக் கிடைப்பது) இரண்டுக்கும் மூன்று நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். கறுப்பு ஸ்டவுட் பொறுத்துக்கொள்ளும். 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பெல்ஜிய வகைகள் ஒரு வருடம் தாண்டினாலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், சிலது மெருகும் ஏறும். வெயிலடித்த கடையில் வேறு வழியே இல்லை என்றால் இந்தக் கடைசி வகையை வாங்குங்கள், ஐபிஏ வாங்காதீர்கள்.

பாட்டில் மூடியின் விளிம்பைப் பாருங்கள். துருப் பிடித்திருந்தால் கடல் காற்றிலோ, ஐஸ் தண்ணீர் டப்பிலோ நிறைய நாள் இருந்திருக்கிறது என்று பொருள். துரு உள்ளே போவதில்லை, ஆனால் பாட்டிலின் வரலாறு அதில் தெரிகிறது. ஒரே பீர் இருக்கும் வரிசையில் முன்னாலிருப்பதை எடுக்காமல், பின்னாலிருந்து எடுத்துத் தேதியை ஒப்பிடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வெளிச்சம் தனிப் பகை. ஹாப்ஸின் கசப்புப் பொருளும் பீரிலுள்ள ரிபோஃப்ளேவினும் வெளிச்சம் பட்டுச் சேர்ந்து ஒரு கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கருகிய ரப்பரும் வெந்த முட்டைக்கோசும் கலந்த நாற்றம். பிரௌன் பாட்டில் இதைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை பாட்டில் தடுக்காது, வெள்ளை பாட்டில் சுத்தமாகத் தடுக்காது. சில வெள்ளை பாட்டில் பீர்களில் வெளிச்சம் தாங்கும்படி மாற்றிய ஹாப்ஸ் சாறு சேர்ப்பதால் அவை தப்பிக்கும். பச்சை பாட்டில் லாகரில் வரும் அந்த நாற்றத்தையே ‘ஃபாரின் டேஸ்ட்’ என்று ரசித்துப் பழகியவர்கள் நம்மிடையே நிறைய. கேனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதனால் இந்த ஊரில் ஒரே பீர் கேனிலும் பாட்டிலிலும் கிடைத்தால் கேனை எடுங்கள்.

கிளாஸ், குளிர், இடம்

கிளாஸில் எண்ணெய்ப் பசை இருந்தால் நுரை நிற்காது. நுரையைத் தாங்குவது மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) புரதமும் ஹாப்ஸின் கசப்பு அமிலமும். கொழுப்பு பட்டால் அந்தப் பின்னல் அறுந்துவிடும். வறுத்த வஞ்சிரத்தைக் கடித்த வாயோடு குடித்தால் இரண்டாவது மடக்கிலேயே நுரை காணாமல் போவது இதனால்தான். சோதிப்பது சுலபம்: கழுவிய கிளாஸை நனைத்துக் கவிழ்த்தால் தண்ணீர் ஒரே படலமாக இறங்க வேண்டும். திட்டுத் திட்டாகப் பிரிந்தால் பசை இருக்கிறது. பீர் ஊற்றிய பின் கண்ணாடியின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதே சேதிதான். எலுமிச்சை மணக்கும் பாத்திர சோப்பு வேண்டாம். கழுவியதும் துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஊற்றும் முன் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள்.

ஃப்ரீசரில் வைத்துப் பனி படர்ந்த கிளாஸ் பார்க்க நன்றாக இருக்கும், ருசிக்குக் கேடு. பனி உருகி பீரில் கலக்கும், நுரை தாறுமாறாகப் பொங்கும், ஃப்ரிட்ஜின் இட்லி மாவு வாடையும் மீன் வாடையும் இலவசமாகச் சேரும்.

“கூலிங் பத்தல” என்பது நம் பார்களில் அடிக்கடி கேட்கும் குறை. லாகருக்கு அது நியாயம். மற்றதற்கு இல்லை. 3 டிகிரிக்குக் கீழே வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். பில்ஸ்னர், லாகர் 4 முதல் 7 டிகிரி. கோதுமை பீர் 5 முதல் 8. பேல் ஏல், ஐபிஏ 7 முதல் 10. ஸ்டவுட், பெல்ஜிய ட்ரிப்பெல் 10 முதல் 13. வெப்பமானி வேண்டியதில்லை. 4 டிகிரி ஃப்ரிட்ஜிலிருந்து ஐபிஏ கேனைப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் போதும், ஸ்டவுட்டை இருபது நிமிடம் முன்னால். இங்கே மாலை ஏழு மணிக்கும் முப்பது டிகிரி இருக்கும் என்பதால் பெரிய கிளாஸ் நிறைய ஊற்றி வைத்தால் பாதியிலேயே வெந்நீராகிவிடும். ஒரு தடவைக்கு 80 முதல் 100 மில்லி ஊற்றி, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவசரமாகக் குளிர வைக்க ஐஸ், தண்ணீர், இரண்டு கைப்பிடி கல் உப்பு கலந்த வாளியில் கேனை முழுக்க மூழ்கவைத்து அவ்வப்போது உருட்டிவிட்டால் பதினைந்து நிமிடத்துக்குள் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் சேர்க்காமல் வெறும் ஐஸ் கட்டியில் செருகினால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், குளிர் ஏறாது.

ருசி பார்க்க மொட்டை மாடியும் கடற்கரைக் காற்றும் சரிவராது. காற்று வாசனையை அள்ளிக்கொண்டு போய்விடும். அறைக்குள் உட்காருங்கள். கொசுவர்த்திச் சுருள் கொளுத்தாதீர்கள். ஊதுபத்தி, சென்ட், தலையில் வைத்த மல்லிகை எல்லாமே ஹாப்ஸ் வாசனையை அமுக்கிவிடும். கொசு கடித்தால் மின்விசிறியைக் காலடிக்குத் திருப்பி வையுங்கள்.

வரிசையும் அளவும்

330 மில்லி கேனை நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு 80 மில்லி சொச்சம் வரும். ஆறு பீர் என்றால் ஆளுக்கு 480 மில்லி. அதற்கு மேல் போனால் நாக்கு சொல்வதை நம்ப முடியாது. வரிசை கசப்பும் ஆல்கஹாலும் ஏறுமுகமாகப் போக வேண்டும்: பில்ஸ்னர், கோதுமை பீர், புளிப்பு வகை, பேல் ஏல், ஸ்டவுட், அப்புறம் ஐபிஏ, எல்லாவற்றுக்கும் கடைசியாக ட்ரிப்பெல் மாதிரி கனமானது. ஐபிஏவை முதலில் குடித்துவிட்டால் அடுத்து வரும் கோதுமை பீர் வெறும் தண்ணீர். நிறத்தை வைத்து வரிசை போடாதீர்கள். கன்னங்கரேலென்ற கின்னஸ் டிராஃப்ட் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பொன்னிறத்தில் சாதுவாக நிற்கும் பெல்ஜிய டூவெல் 8.5.

இடையில் வாயைத் துலக்கச் சாதாரணத் தண்ணீர், உப்புப் போடாத பொரி, அல்லது நம் ஊர் பேக்கரிகளில் கிடைக்கும் நீள பிரெஞ்சு ரொட்டியின் நடுப்பகுதி. இந்த விஷயத்தில் புதுச்சேரிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். சிப்ஸ், மிக்சர், சில்லி சிக்கன் எல்லாம் ருசி பார்த்து முடித்த பிறகு. முன்னால் ஒரு மணி நேரமாவது காபியும் வெற்றிலையும் வேண்டாம்.

கிளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி நடுவில் விழவிடுங்கள். இரண்டு விரல் நுரை வர வேண்டும். நுரையே வராமல் ஓரமாக ஊற்றுவதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். அப்படி ஊற்றினால் வாயு முழுக்க வயிற்றுக்குள் போய் உப்பும், வாசனையும் எழும்பாது. ஹெஃபெவைசன் (ஈஸ்டோடு வரும் ஜெர்மன் கோதுமை பீர்) பாட்டிலில் கடைசி இரண்டு விரல் பீரை நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றி, அடியிலிருக்கும் ஈஸ்ட் வண்டலையும் சேர்த்து ஊற்ற வேண்டும். பெல்ஜிய ட்ரிப்பெல்லில் அதற்கு நேர் எதிர், வண்டலை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

ஊற்றியதும் முதலில் மோந்து பாருங்கள், பேச்சு அப்புறம். சில வாசனைகள் ஒரு நிமிடத்தில் போய்விடும். சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை முகருங்கள். இழுத்து ஒரே மூச்சாக முகர்ந்தால் மூக்கு சோர்ந்துவிடும். பிறகு ஒரு மடக்கு, வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். பாதி ருசி அப்போதுதான் தெரியும். அதனால்தான் ஒயின்காரர்கள் போலத் துப்புவது பீருக்கு ஒத்துவராது. பீர் நடுவர்களுக்கான பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் படும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். நாம் போடும் போட்டோக்களுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

குறைகளை அடையாளம் காண்பது

நல்ல பரிந்துரைக்கு நல்ல வாசனைகள் தெரிந்தால் மட்டும் போதாது. கெட்டதன் பெயரும் காரணமும் தெரிந்தால்தான் தவறு ஆலையுடையதா, லாரியுடையதா, பார் குழாயுடையதா என்று பிரிக்க முடியும். பிரிக்காமல் “இந்த பிராண்ட் வேஸ்ட்” என்று எழுதுவது அநியாயம்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஆக்சிஜனேற்றம். பெரும்பாலும் சூடும் காலமும் செய்த வேலை, ஆலையைக் குற்றம் சொல்லும் முன் தேதியைப் பாருங்கள். வெண்ணெய், பாப்கார்ன் வாசனையும் நாக்கில் வழவழப்பும் வந்தால் டையசிட்டைல். ஈஸ்ட் தான் உண்டாக்கியதைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். லாகரில் நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தை 15, 16 டிகிரிக்கு உயர்த்தி இரண்டு நாள் விடுவது அதற்காகத்தான். அவசரப்பட்டுக் குளிரவைத்துவிட்டால் வெண்ணெய் தங்கிவிடும். ஆனால் பாட்டிலில் நன்றாக இருக்கும் பீர் டேப்பில் (பார் குழாயில்) மட்டும் வெண்ணெய் மணத்தால், குழாயில் பாக்டீரியா குடியேறியிருக்கிறது. பச்சை ஆப்பிள் வாசனை அசிட்டால்டிஹைடு, முதிர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வேகவைத்த மக்காச்சோள வாசனை டிஎம்எஸ் (டைமெத்தில் சல்ஃபைடு). வெளிர் மால்ட்டிலிருந்து வருவது, மூடி போடாமல் ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். கொதி குறைந்தாலோ, கொதித்த பின் மெதுவாக ஆறினாலோ தங்கும். லாகரில் துளி இருக்கலாம், ஏலில் (லாகரைவிடக் கூடுதல் சூட்டில் நொதிக்கும் வகை) இருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரி வாடை, பிளாஸ்திரி வாடை வந்தால் குளோரின். தண்ணீரிலோ கழுவும் கரைசலிலோ மிஞ்சிய குளோரின் மால்ட்டின் ஃபீனாலோடு சேர்ந்து உண்டாவது. கோடியில் ஒரு பங்கே போதும் ருசியைக் கெடுக்க. புதுச்சேரியின் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பேறியது என்பது ஊரறிந்தது. இப்படிப்பட்ட நீரில் நல்ல பீர் எடுக்க நேரான வழி ஆர்ஓவில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஜிப்சமும் (கால்சியம் சல்ஃபேட்) கால்சியம் குளோரைடும் அளந்து சேர்ப்பதுதான். சல்ஃபேட் தூக்கலாக இருந்தால் கசப்பு கூர்மையாகும், ஐபிஏவுக்கு நல்லது. குளோரைடு தூக்கலாக இருந்தால் வாய்க்குத் திரட்சி வரும், ஸ்டவுட்டுக்கும் கலங்கல் ஐபிஏவுக்கும் நல்லது. இங்கேயே பீர் காய்ச்சி ஊற்றும் இடத்துக்குப் போனால் தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சரியான ஆள் அரை மணி நேரம் பேசுவார்.

நாக்கைப் பழக்க, பீரில் கலந்து இந்தக் குறை வாசனைகளைக் காட்டும் ஆய்வுக்கூடப் பொட்டலங்கள் விலைக்குக் கிடைக்கின்றன, ஆனால் வீட்டிலேயே முக்கால்வாசி முடியும். ஒரே பீரை இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை இருட்டிலும் ஒன்றைக் காலை வெயிலிலும் பத்து நிமிடம் வையுங்கள், வெளிச்ச நாற்றம் தெரிந்துவிடும். வெயிலில் வைத்ததை மறுபடி குளிரவைத்து ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் சூடு வித்தியாசத்தைத்தான் ருசிப்பீர்கள். ஒரே பேட்ச் கேன் இரண்டு வாங்கி ஒன்றை ஃப்ரிட்ஜிலும் ஒன்றைச் சமையலறை அலமாரியிலும் மூன்று வாரம் விட்டு, பிறகு இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து அருகருகே ருசித்தால் பழசாவது என்ன என்று நாக்குக்குப் புரியும். 330 மில்லி லாகரில் கால் டீஸ்பூன் வினிகர் விட்டால் அசிட்டிக் புளிப்பு. ஒரு கிராம்பை நூறு மில்லி லாகரில் கால் மணி நேரம் ஊறப்போட்டால் ஃபீனால் வாசனை. இது ஹெஃபெவைசனில் குணம், லாகரில் குற்றம்.

டேப் பீர்

டேப்பில் ஊற்றுவது எப்போதும் புதிது என்று நினைக்க வேண்டாம். குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசல் ஓட்டிக் கழுவுவது தொழில் வழக்கம். கழுவாவிட்டால் முதலில் வெண்ணெய், பிறகு வினிகர். இரண்டு கேள்வி போதும்: கெக் (பீர் பீப்பாய்) என்றைக்குத் திறந்தது, குழாய் என்றைக்குக் கழுவியது. பதில் சொல்லத் தடுமாறினால் கேன் கேளுங்கள்.

கடை திறந்ததும் ஊற்றும் முதல் கிளாஸை வாங்காதீர்கள். 6 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் மீட்டருக்கு 28 மில்லி பீர் நிற்கும். ஐந்து மீட்டர் ஓடி வரும் குழாய் என்றால் 140 மில்லி பீர் ராத்திரி முழுக்க அதிலேயே கிடந்தது. இங்கே ராத்திரியும் சூடுதான். ஊற்ற ஊற்ற நுரையாகவே வந்தால் பெரும்பாலும் குழாய் சூடு அல்லது அழுத்தக் கோளாறு. பீர் கெட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் 60 மில்லி மாதிரி கேளுங்கள், நல்ல இடத்தில் தருவார்கள்.

யாருக்கு எதைச் சொல்வது

லாகரையே குடித்துப் பழகியவரை நேராக ஐபிஏவில் தள்ளிவிடாதீர்கள். ஐபியு என்பது கசப்புப் பொருளின் அளவு, தோராயமாக லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். ஹெஃபெவைசன் 8 முதல் 15, ஜெர்மன் பில்ஸ் 22 முதல் 40, அமெரிக்க ஐபிஏ 40 முதல் 70. கசப்புக்கும் ‘கிக்’குக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள், கசப்பு ஹாப்ஸிலிருந்து, ஆல்கஹால் மால்ட்டின் சர்க்கரையிலிருந்து.

கசப்பு வேண்டாம் என்பவருக்குப் பெல்ஜிய விட்பியர். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த கோதுமை பீர். அழிந்துபோன இந்த வகையை 1966இல் ஹூகார்டன் ஊரில் பியெர் செலிஸ் மீட்டெடுத்தார். மல்லி நமக்குத் தெரிந்த வாசனை என்பதால் நம் நாக்கு சட்டென்று ஏற்றுக்கொள்ளும். வாழைப்பழ வாசனை பிடிக்கும் என்றால் ஹெஃபெவைசன், கிடைத்தால் வைஹென்ஸ்டெஃபானர், 5.4 சதவீதம். அதில் ஒரு துளி வாழைப்பழமும் இல்லை, ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிட்டேட்தான் அது. லாகர்காரருக்கு அடுத்த படி பில்ஸ்னர் உர்க்கெல், 4.4 சதவீதம், 1842இல் பிள்சென் நகரில் தொடங்கிய அசல்; ஸாட்ஸ் ஹாப்ஸின் மூலிகை வாசனை. ஹாப்ஸ் பழகச் சியரா நெவாடா பேல் ஏல் மாதிரி காஸ்கேட் ஹாப்ஸ் போட்டது எதுவானாலும் சரி, பம்பளிமாஸ் தோல் வாசனை வரும். ஆனால் கடல் கடந்து வரும் ஹாப்ஸ் பீர் இங்கே வந்து சேரும்போது வயதாகியிருக்கும். ஐபிஏ வேண்டுமென்றால் இந்தியாவிலேயே போன மாதம் தயாரித்த சுமாரான கேன், போன வருடம் தயாரித்த உலகப்புகழ் பாட்டிலைவிட மேல். இறக்குமதிக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் வெஸ்ட்மாலே ட்ரிப்பெல், ஷிமே புளூ போல வயதைத் தாங்கும் கனமான பெல்ஜிய வகைகளுக்குக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த ஊர் வானிலைக்கு மிகப் பொருத்தம் கோஸே. ஜெர்மனியின் கோஸ்லாரில் பிறந்து லைப்ஸிக்கில் பேர் வாங்கிய புளிப்புக் கோதுமை பீர், உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்தது, ஆல்கஹால் 4.2 முதல் 4.8. வியர்த்துக் கொட்டும் புழுக்கத்தில் கடற்கரைச் சுண்டலோடு இதைவிட எடுபடுவது வேறில்லை. தயாரிப்பவர்கள் குறைவு, டேப்பில் பார்த்தால் விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை போதும்: காரத்தோடு ஐபிஏ வைக்காதீர்கள். கசப்பும் ஆல்கஹாலும் வாயுவும் சேர்ந்து மிளகாய் எரிச்சலைக் கூட்டும். மிளகாய்த்தூள் தடவிய மீன் வறுவலுக்கு விட்பியர், இறால் தொக்குக்கு ஹெஃபெவைசன், சாக்லேட்டுக்கு ஸ்டவுட்.

பரிந்துரை எழுதும் விதம்

இதோ ஒரு மாதிரி: “ஹெஃபெவைசன், 500 மில்லி பாட்டில். தயாரித்து ஏழு வாரம். கடை ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. 7 டிகிரியில், வண்டலைக் கலக்கி ஊற்றியது. வாழைப்பழம் தூக்கல், கிராம்பு பின்னால். கசப்பு இல்லை, முடிவில் லேசான புளிப்பு. கசப்பு ஆகாதவருக்குக் கொடுக்கலாம், ஐபிஏ தேடுபவருக்கு வேண்டாம்.” பெயரையும் கடையையும் சேர்த்தால் முடிந்தது. “செமையா இருக்கு, 4.5 ஸ்டார்” என்பதைவிட இது பத்து மடங்கு உதவும். தனக்குப் பிடிக்காத வகையாக இருந்தால் ஸ்டார் போடாமல் இருப்பதே நேர்மை. புளிப்பு பிடிக்காதவர் கோஸேவுக்கு ஒரு ஸ்டார் கொடுத்தால் அது பீரைப் பற்றிய தகவல் இல்லை.

“புது பேட்ச் மாறிவிட்டது”, “டேப்தான் கேனைவிட நல்லது” என்று சண்டை வந்தால் முக்கோணச் சோதனை செய்யுங்கள். மூன்று கிளாஸில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. ஊற்றுபவர் ருசிப்பவர் கண்ணில் படக் கூடாது, குளிரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், நிறம் வேறுபட்டால் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். எது ஒற்றை என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார். அதனால் ஐந்து பேரில் குறைந்தது நான்கு பேர், ஏழு பேரில் ஐந்து பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்டு என்று கொள்ளலாம். பல சண்டைகள் இதில் அடங்கிவிடும்.

கடலூரிலிருந்து வருபவர்களுக்கு: இங்கே வாங்கிய கேனைப் பையில் போட்டுக்கொண்டு கன்னியக்கோயில் தாண்டினால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி அது கடத்தல். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் ‘இது கிராஃப்ட் பீர் சார்’ என்பது எடுபடாது. வண்டியும் போகும். இங்கேயே ருசித்துவிட்டுப் போங்கள், அதுவும் பஸ்ஸில். மேலே சொன்ன ஆறு பீர், 480 மில்லி, சராசரி 5.5 சதவீதம் என்றால் சுமார் 21 கிராம் ஆல்கஹால். 65 கிலோ ஆள் ஒரே மூச்சில் குடித்தால் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற சட்ட எல்லையைத் தாண்டிவிடும். உடம்பு மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கழிக்கும், முழுக்கக் கழிய மூன்று மணி நேரம் வேண்டும். பகல் பதினோரு மணிக்கு மேசை போட்டு, மூன்று மணிக்குச் சாப்பிட்டு, மாலை பஸ் பிடிக்கும்படி திட்டமிடுங்கள். காலையில் மூக்கும் நன்றாக வேலை செய்யும்.